தஞ்சாவூரில் பெரிய ஓட்டல்: காலைச் சாப்பாடு சேர்த்து எடுக்கலாமா?

4 டிசம்பர் 2025, மாலை 6.20 (கேட்டவர்: கோவையிலிருந்து ஒரு தம்பி)

ஜனவரியில் அப்பா அம்மாவோடு பெரிய கோயில், தாராசுரம், திருவையாறு பார்க்க வருகிறோம். இரண்டு ராத்திரி. நீச்சல்குளம், ஸ்பா எல்லாம் உள்ள நட்சத்திர ஓட்டலில் அறை பார்த்து வைத்திருக்கிறேன். காலை பஃபே சேர்த்தால் ஆளுக்கு 650 ரூபாய் கூடுதல். எடுக்கலாமா? டெல்டாவில் இந்த மாதிரி ஓட்டலே வீண் என்று என் நண்பன் சொல்கிறான்.

4 டிசம்பர், இரவு 9.10

உங்கள் நண்பன் பாதி சரி. அறை எடுங்கள், காலைச் சாப்பாடு எடுக்காதீர்கள்.

என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, 40 கிலோமீட்டர் தள்ளி தஞ்சாவூரில் ஓட்டல் அறையில் இரண்டு ராத்திரி தங்கிய ஆள் நான். அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். அண்ணன் பையன் சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் வந்து இறங்கினான். "சித்தப்பா, எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கணும்" என்று ஆறு அறை போட்டுவிட்டான். திருக்கடையூருக்குத் தஞ்சாவூரைவிடக் கும்பகோணம்தான் பக்கம் என்று சொன்னேன். கும்பகோணத்தில் அந்த மாதிரி நீச்சல்குளம் இல்லை என்றான்.

அப்பா கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். முப்பது வருஷம் அவருக்குக் கணக்கு எழுதியவன் நான். சமைக்க வராது, குறை சொல்ல நன்றாக வரும்.

வரியையும் பாருங்கள். 7,500 வரைக்கும் உள்ள அறைக்கு 12 சதவீதம், அதற்கு மேல் 18.

5 டிசம்பர், காலை 6.45

ஏன் எடுக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இட்லி.

பஃபேயில் இட்லி எவர்சில்வர் பெட்டியில், அடியில் வெந்நீர், அதற்கு அடியில் சின்ன நெருப்போடு உட்கார்ந்திருக்கிறது. சூடாகப் பரிமாற வேண்டியது 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது பெரிய சமையலறைகளின் பொது விதி. அதில் தப்பில்லை, வயிற்றுக்கு நல்லதுதான். ஆனால் ஏழு மணிக்கு இறக்கிய இட்லி ஒன்பது மணி வரைக்கும் அந்தச் சூட்டிலேயே கிடக்கிறது. மூடியில் ஆவி கட்டி மேல் வரிசையில் சொட்டுகிறது. மேலே இருப்பது சொதசொத. ஓரத்தில் இருப்பது தோல் தடித்துப்போய் ரப்பர். நடு இட்லி தேறும், அது உங்களுக்கு முன்னால் நிற்கிறவர் தட்டில் போய்விடும்.

அப்பாவின் ஆட்கள் கொப்பரையில் துணி கட்டித்தான் ஊற்றுவார்கள். 500 பேர் என்றாலும், இலை போட்டு ஆள் உட்கார்ந்த பிறகுதான் தட்டு இறங்கும். முன்கூட்டி இறக்கிவைத்தால் "எவன்டா இட்லியைக் காக்க வைச்சது" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். சாப்பிட வருகிறவர் பத்து நிமிஷம் நிற்கலாம். இட்லி நிற்கக்கூடாது.

பொங்கலும் அப்படித்தான். நேரம் ஆக ஆக இறுகும். அரிசி மிச்சமிருக்கிற தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி வெந்நீரும் நெய்யும் விட்டுத் தளர்த்துவார்கள். ஓட்டலில் ஒன்பதரைக்குப் போன என் மைத்துனர் பொங்கலை வெட்டி எடுத்தார். வெட்டி எடுத்தார் என்பது சும்மா சொல்வதில்லை.

5 டிசம்பர், பகல் 1.30

வரி விஷயத்தில் நான் பழைய ஆள் என்று ஒருவர் தட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம்தான். தாண்டினால் 18. இது கணக்குப்பிள்ளைக்கு இனிக்கிற இடம்:

7,500 ரூபாய் அறை, வரி 375, மொத்தம் 7,875.
7,600 ரூபாய் அறை, வரி 1,368, மொத்தம் 8,968.

நூறு ரூபாய் அதிக அறைக்கு ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று ரூபாய் கூடக் கொடுக்கிறோம். 7,600, 7,800 என்று போட்டிருந்தால் போன் போட்டு 7,500க்குத் தருவீர்களா என்று கேளுங்கள். அண்ணன் பையன் போட்டது 8,500. வரியோடு 10,030. ஆறு அறை, இரண்டு ராத்திரி. நான் கணக்குப் போட்டுச் சொன்னதும், "சித்தப்பா, லீவுல வந்திருக்கேன்" என்றான்.

சாப்பாட்டுக்கும் இது தொடரும். போன நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை நாளுக்கு 7,500க்கு மேல் விட்டிருக்கிற ஓட்டலென்றால், அதற்குள் இருக்கிற உணவகத்திலும் 18 சதவீதம். வெளியே சாதாரண ஓட்டலில் 5. தோசை ஒன்றுதான்.

6 டிசம்பர், காலை 7.05

காபி பற்றி எழுதாமல் விட்டது எப்படி என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. எழுதினால் ரத்தக்கொதிப்பு ஏறும் என்றுதான் விட்டேன்.

"கும்பகோணம் டிகிரி காபி" என்று அட்டை வைத்திருந்தார்கள். வந்தது பிடி வைத்த பீங்கான் கோப்பையில். டவரா டம்ளர் கேட்டேன். குறை சொல்லக்கூடாது, ஓடிப்போய்க் கொண்டுவந்தார் அந்தப் பையன். பளபளவென்று பித்தளை. காபி? ஆறு மணிக்கு பிளாஸ்கில் ஊற்றிய டிகாக்ஷன், ஆறு மணியிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கிற பால். பாலில் காய்ந்த வாடை. டவரா மட்டும் கும்பகோணம்.

டிகிரி என்ற பெயர் பால்மானியில் பார்க்கும் டிகிரியிலிருந்து வந்தது, தண்ணீர் கலக்காத பால் என்று அர்த்தம் என்பது எங்கள் தெருவில் சொல்வது. சிக்கரியை இழுத்து இழுத்துச் சொல்லி டிகிரி ஆயிற்று என்று இன்னொரு கட்சி. நான் பால் கட்சி. சிக்கரி கட்சிக்காரர்கள் வேறு விவாத இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

6 டிசம்பர், இரவு 10.15

தொடங்கிவிட்டார்கள். 41 பதில். வாழ்க.

8 டிசம்பர், காலை 8.30

முக்கியமானது, குறித்துக்கொள்ளுங்கள். பஃபே காலை ஏழு மணிக்குத்தான். விடியற்காலை புறப்படுகிறவர்களுக்கு அது கிடையாது, காசு மட்டும் போகும். நாங்கள் மூன்றரை மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. "பேக் பண்ணித் தருகிறோம்" என்றார்கள். அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே சாண்ட்விச், வாழைப்பழம், பழச்சாறு டப்பா, ஒரு மஃபின்.

அறுபதாம் கல்யாணத்துக்கு மஃபின்!

அம்மாவுக்கு 82. காரில் மயிலாடுதுறை தாண்டும்போது பெட்டியைத் திறந்து, "இது என்னடா, பணியாரமா?" என்று பாதி சாப்பிட்டுவிட்டாள். அம்மா முட்டை தொட்டவள் இல்லை. பெட்டியில் சைவத்துக்கான பச்சைப் புள்ளியும் இல்லை, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணமும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஆயுஷ் ஹோமம் முழுக்க எனக்கு மஃபின் நினைப்புதான். இவ்வளவு வாங்குகிறவர்களுக்கு ஒரு புள்ளி குத்த முடியாதா?

9 டிசம்பர், மாலை 4.40

நீச்சல்குளம் பற்றிக் கேட்டவருக்கு. உண்டு. நாலரை அடி ஆழம். வேட்டி, துண்டு, பருத்தி டிராயர் எதுவும் கூடாது, நைலான் உடுப்புதான். குடமுருட்டியில் மதகிலிருந்து குதித்து நீச்சல் பழகியவன் நான். கவுன்ட்டரில் நைலான் டிராயர் 600 ரூபாய்க்கு வாங்கி நாலரை அடித் தண்ணீரில் நின்றேன். நிற்கத்தான் முடியும், நீட்டி நீந்தினால் எட்டு கையில் அக்கரை.

ஆனால் ஒன்று. எங்கள் ஆறு எல்லாம் மேட்டூரை நம்பி. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது வழக்கமான கணக்கு. அது தப்பாத வருஷம் குறைவு. ஜனவரிக் கடைசிக்கு மேல் வந்தால் ஆற்றில் மணல்தான் பார்க்கலாம், குளிக்க முடியாது. ஓட்டல் குளத்துக்கு அந்த அடைப்பு கிடையாது, போர்வெல் தண்ணீர். நெல்லுக்கு இல்லாத தண்ணீர் என்று நினைத்துக்கொண்டே குளித்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

ஸ்பா: ஒரு மணி நேரம் எண்ணெய் தேய்க்க 3,500. அண்ணி போனாள். நன்றாக இருந்ததாம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

10 டிசம்பர், காலை 11.00

மஃபின் விஷயம். ஓட்டலுக்கே போன் போட்டுவிட்டேன். பேக்கரிப் பிரிவில் ஒரு பெண் பேசினார். அந்தப் பெட்டிக்கு வைப்பது முட்டை சேர்க்காதது, தயிர் போட்டுச் செய்வது என்றார். திருக்கடையூர் போகிற கூட்டம் நிறைய வருவதால் அப்படி மாற்றி வைத்திருக்கிறார்களாம். புள்ளி ஒட்டாதது தங்கள் தப்பு என்றும் சொன்னார்.

ஆகவே 8ஆம் தேதி குறிப்பில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். புள்ளி பற்றிய பாதி நிற்கிறது. அம்மாவிடம் இப்போதுதான் முழுக்கதையும் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா மீதியைத் தின்னிருப்பேனே" என்கிறாள்.

12 டிசம்பர், இரவு 8.50

மதியச் சாப்பாடு, ராச்சாப்பாடு. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

"டெல்டா ருசி" என்று ஒரு மேஜை தனியாக. கடப்பா என்று எழுதியிருந்தது. ஆசையாகப் போனேன். குருமா. பட்டாணி, கேரட், மேலே முந்திரி. கடப்பா என்பது வெந்த பாசிப்பருப்பும் மசித்த உருளைக்கிழங்கும். தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா அரைத்து விட்டு, இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவது. குருமாவைவிட நீர்க்க இருக்கும். பருப்பு இல்லாதது கடப்பா இல்லை. எங்கள் ஊரில் குழந்தைக்குத் தெரியும்.

சாதத்துக்கு வருகிறேன். சுற்றி நாலு பக்கமும் சம்பாப் பயிர், ஜன்னலைத் திறந்தால் பச்சை. உள்ளே மேஜையில் பாஸ்மதி! வெள்ளைச் சாதம் தனியாகக் கேட்டால் பொன்னி வந்தது. தூயமல்லி, சீரகச் சம்பா ஏதாவது உண்டா என்று கேட்டேன். "நாளைக்குச் சொன்னால் ஏற்பாடு செய்கிறோம் சார்" என்றார். நாளைக்கு நான் இருக்க மாட்டேன்.

ரசம் மட்டும் அபாரம். ஈயச்சொம்பில் வைத்தது, உண்மையான ஈயச்சொம்பு, எட்டிப் பார்த்தேன். ஈயம் என்றதும் யாரும் பயப்படாதீர்கள், இது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் உள்ளே ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு அடுப்பிலேயே ஓடிவிடும். அந்தப் பொறுமையோடு ஒருவர் உள்ளே நின்று ரசம் வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பாதிக் கோபத்தைத் தீர்த்தது.

கடைசியில் பீடா, செர்ரிப் பழம் குத்தி, வெள்ளித்தாள் சுற்றி. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. கொழுந்து வெற்றிலை நாலும் சீவலும் வைத்தால் யாரும் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

அசோகா அல்வா? இருந்தது. நெய் விட்டிருந்தார்கள். ஆனால் திருவையாற்றுக்கு எப்படியும் போகிறீர்கள், அங்கே கடையில் சூடாக இலைத்துண்டில் வாங்கிச் சாப்பிடுங்கள்.

13 டிசம்பர், காலை 6.30

கடப்பாவில் பூண்டு உண்டா இல்லையா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி.

15 டிசம்பர், இரவு 9.40

முதல் குறிப்பில் "காலைச் சாப்பாடு எடுக்காதீர்கள்" என்றேன். அதை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: ஏழு மணிக்கே போக முடிந்தால் எடுங்கள்.

இரண்டாம் நாள் காலை ஏழு ஐந்துக்குப் போனேன். கூட்டம் இல்லை. தோசைக்கல்லில் நின்ற பையனுக்கு நீடாமங்கலம் பக்கம். ஊர் பேச்சு வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னான்: "சார், பெட்டியில இருக்கிறதை எடுக்காதீங்க. இட்லி வேணும்னா சொல்லுங்க, உள்ள புதுசா இறங்கும்போது கொண்டாந்து தரேன்." கொண்டுவந்தான். பூ மாதிரி. தொட்டுக்கொள்ளக் கொத்சு. அப்பா சாப்பிட்டிருந்தால் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று கேட்டிருப்பார், அவர் பாராட்டு அவ்வளவுதான்.

பெட்டியில் ஏன் வைக்கிறீர்கள், கேட்கக் கேட்க இறக்கலாமே என்றேன். "எட்டு மணிக்குமேல டூரிஸ்ட் பஸ் ரெண்டு வருது சார். அவங்க நிக்க மாட்டாங்க, தட்டை எடுத்துட்டு நேரா பெட்டிக்குப் போவாங்க. காலியா இருந்தா ரிசப்ஷன்ல புகார்." அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பந்தியில் இலை முன்னால் ஆளை உட்கார வைத்துவிடுவோம், அவர் எழுந்து போக முடியாது. பஃபேயில் ஆளைப் பிடித்து உட்கார வைக்க முடியுமா? பெட்டி இருந்துதான் ஆகவேண்டும் போலிருக்கிறது. 5ஆம் தேதி குறிப்பு கொஞ்சம் அதிகப்படி.

காபி பற்றி எழுதியதில் மாற்றமில்லை.

17 டிசம்பர், பிற்பகல் 2.15

வயதானவர்களோடு வருகிற தம்பிக்கு. இதை எழுதத் தயங்கினேன், வீட்டு விஷயம்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. கும்பகோணம் வீட்டில் குளியலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். ராத்திரி அவள் எழுந்தால் நானும் எழுந்து வெளியே நிற்பேன். மூன்று வருஷமாக இப்படித்தான். ஓட்டலில் அம்மாவுக்கு அண்ணன் பையன் கேட்டு வாங்கிய அறையில் வாசற்படியே கிடையாது, தரை ஒரே மட்டம். கழிப்பறைக்குப் பக்கத்தில் கைப்பிடி, குளிக்கிற இடத்தில் இன்னொரு கைப்பிடி, உட்கார்ந்து குளிக்கப் பலகை, படுக்கைப் பக்கம் அழைப்பு மணி. முதல் ராத்திரி இரண்டு மணிக்குப் பழக்கத்தில் எழுந்து அவள் அறைக்குப் போனேன். அவளே போய்விட்டு வந்து படுத்திருந்தாள். "நீ ஏன்டா வந்தே?" என்றாள்.

8,500 ரூபாய்க்கு இது தகுமா என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்காதீர்கள்.

ஆகவே அறை போடும்போது படம் பார்த்து மயங்காமல், மாற்றுத்திறனாளிகளுக்கான அறை எத்தனை இருக்கிறது, எந்தத் தளம் என்று போனில் கேளுங்கள். அந்த ஓட்டலில் இரண்டே இரண்டு. தியாகராஜர் ஆராதனை சமயத்தில் திருவையாற்றுக் கூட்டம் வந்துவிடும், முன்னாலேயே சொல்லிவையுங்கள். சக்கர நாற்காலியும் கொடுத்தார்கள், பெரிய கோயில் வரைக்கும் எடுத்துப்போனோம். மதியம் போகாதீர்கள். நடையும் சாத்தியிருக்கும், கல்தரை காலைப் பொரித்துவிடும்.

22 டிசம்பர், காலை 10.05

சில்லறைகள்.

நட்சத்திரம்: அறை போடும் தளங்களில் தெரிகிற நட்சத்திரம் வேறு, மத்தியச் சுற்றுலா அமைச்சகம் வகைப்படுத்தித் தருகிற நட்சத்திரம் வேறு. அமைச்சகத்தினுடையது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. எது என்று கேட்டுப் பாருங்கள்.

ராச்சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே ஏறியிருந்தது. அப்படி ஏற்றக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னேன், முகம் சுளிக்காமல் எடுத்தார்கள். அந்தக் காசில் பாதியை நீடாமங்கலம் தம்பிக்குக் கொடுத்தேன். மீதிப் பாதி என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்கு: நைலான் டிராயர்.

அறைச் சுவரில் தஞ்சாவூர் ஓவியம் என்று தொங்குவது அச்சு. வரவேற்புக் கூடத்தில் இருப்பது அசல். பக்கவாட்டில் நின்று பாருங்கள், தங்கத்தாள் ஒட்டின இடம் மேடாகத் தெரியும். அச்சில் மேடு இராது.

பெயர்கள்: கூட்ட அரங்கு ராஜராஜன், சின்ன அரங்கு ராஜேந்திரன், மதுக்கூடத்துக்கும் ஒரு சோழ இளவரசர். சென்னை கிண்டியில் 2012இல் 600 அறையோடு சோழர் பெயரில் ஓட்டல் திறந்ததைச் சொல்லி ஒருவர் சிரித்திருக்கிறார். சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பெயர் எங்களைவிட நன்றாகச் சம்பாதிக்கிறது.

4 ஜனவரி 2026, இரவு 7.30

கோவைத் தம்பி அறை போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். 7,400, வரியோடு 7,770, தரைத்தளம், கைப்பிடி உள்ளது. பஃபே எடுத்திருக்கிறார். ஏழு மணிக்குப் போங்கள் தம்பி. தோசைக்கல்லில் யார் என்று பார்த்து, ஊர் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக் குளியலறையில் நேற்று கொத்தனார் வந்து தரையை மேடாக்கிப் படியை எடுத்துவிட்டார். கைப்பிடி இரண்டு, ஆள்கூலி, சிமெண்ட் எல்லாம் சேர்த்து 4,350. மூன்று வருஷமாக ஏன் செய்யவில்லை என்று அண்ணி கேட்டாள். பதில் இல்லை. சிமெண்ட் காய இரண்டு நாள் ஆகும், அதுவரை பிடிக்காதே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.